மூன்று முறை திரும்பி வந்த அபஸ்வரம்

திரையில் புகை கிளம்பியதும் மச்சினன் வாசல் எந்தப் பக்கம் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்து வைத்துக்கொண்டான். புகைக்கு நடுவிலிருந்து கிடாரும் கையுமாக ஒருவர் வெளிப்பட்ட பிறகுதான் அது மேடைப் புகை என்று புரிந்து, காலை நீட்டி உட்கார்ந்தான். அவனுக்குச் சங்கீதம் தெரியாது; சங்கீதத்துக்கும் அவனைத் தெரியாது. அந்த வகையில் இருவருக்கும் இதுவரை ஒரு வம்பும் இல்லை.

அவன் துப்பறிவாளரின் உதவியாளன். அதற்கு முன்பே அவருடைய மனைவியின் தம்பி. அக்கா சிபாரிசில் சேர்ந்தவன் என்பதால் அவனை வேலையைவிட்டுத் தூக்குகிற அதிகாரம் அலுவலகத்தில் இல்லை, வீட்டில்தான் இருந்தது. துப்பறிவாளர் அதை எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டார்.

அவர்கள் உட்கார்ந்திருந்தது ஒரு படத்தின் ஒலியைக் கலக்கிச் சேர்க்கிற கூடம். முப்பது நாற்காலிகள், எதிரே திரை, நடுவில் கை வைக்கவே பயமாக இருக்கிற அளவுக்குப் பொத்தான்கள் கொண்ட நீள மேஜை. திரையில் ஆடிக்கொண்டிருந்த அதே மனிதர் முன்வரிசையில் அசையாமல் அமர்ந்து தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ரசிகர்கள் அவருக்கு வைத்த பெயர் சூறாவளி. ஐம்பத்திரண்டு வயது, இடுப்பு வரை முடி, மணிக்கட்டில் சரிகை தொங்கும் சட்டை. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ராஜாக்கள் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடிக் கேட்ட அரண்மனைச் சங்கீதத்தை, எந்த ராஜாவும் கண்ணை மூட முடியாத சத்தத்தில், ரயில் வேகத்தில் வாசிப்பது அவருடைய தொழில். அவருக்குப் பின்னால் மேடையில் ஒலிபெருக்கிப் பெட்டிகள் சுவராக அடுக்கியிருந்தன. மொத்தம் இருபத்தெட்டு, அதில் ஒயர் போவது இரண்டுக்குத்தான், மற்றதெல்லாம் காலிப் பெட்டி என்று படத்தொகுப்பாளர் மச்சினனின் காதோரம் சொன்னாள்.

அவள்தான் நேற்று இவர்களைத் தேடி வந்தவள். பதினான்கு கேமராக்கள் இரண்டு இரவுகள் பிடித்ததைப் பதினோரு மாதம் உட்கார்ந்து வெட்டி ஒட்டி ஒரே கச்சேரியாக்கியவள். இரண்டு இரவும் சூறாவளி ஒரே சட்டையைத்தான் போட்டிருந்தார், எந்த இரவின் படத்தையும் எந்த இரவோடும் சேர்க்கலாம் என்பதற்காக. வேலை முடிந்து பெட்டி கட்டுகிற நேரத்தில்தான் வினை வந்தது. நாற்பத்தேழாவது நிமிடத்தில் ஓர் அபஸ்வரம். ஒலிப்பொறியாளர் அதைத் திருத்தினார். மறுநாள் போட்டுப் பார்த்தால் அது திரும்ப வந்திருந்தது. மறுபடி திருத்தினார், மறுபடி வந்தது. மூன்றாம் முறையும் வந்தபோது, திருத்திய ஒலியை எடுத்துவிட்டுப் பழைய ஒலியை வேண்டுமென்றே யாரோ படத்தில் ஒட்டுகிறார்கள் என்று முடிவாயிற்று. படம் இருப்பது அவள் அறையில், அறையின் சாவி இருப்பது அவள் பையில். வேறு யாரைச் சொல்வது?

நாளை மாலை ஆறு மணிக்கு முதல் காட்சி. இன்று சாயந்திரத்துக்குள் அவள் குற்றவாளி இல்லை என்று தெரியாவிட்டால் படத்திலிருந்து அவள் பெயர் போய்விடும். போவதோடு நிற்காது, தயாரிப்பாளர் ஊரிலுள்ள எல்லா ஸ்டுடியோவுக்கும் கடிதம் எழுதத் தயாராக இருந்தார். அப்படி ஒரு கடிதம் போனால், அதற்குப் பிறகு கல்யாண வீடியோகூட அவளை நம்பிக் கொடுக்க மாட்டார்கள்.

நாற்பத்தேழாவது நிமிடம் வந்தது. சூறாவளியின் இடது கை திரை முழுக்கப் பெரிதாகத் தெரிந்தது. கம்பிகளுக்குக் குறுக்கே இருக்கும் கட்டங்களில் விரல்கள் மேலிருந்து கீழாகக் கொட்டி இறங்கி, கடைசியில் சுண்டு விரல் ஒரு கட்டத்தில் விழுந்து அரை நொடி நடுங்கியது. உடனே திரையில் அவர் முகம். தன் விரலைத் தானே பார்த்து ஒரு சிரிப்பு. முன்வரிசையில் இருந்த அசல் சூறாவளி கையைத் தூக்கினார். படம் நின்றது.

"கேட்டீங்களா?" என்றார்.

ஒலிப்பொறியாளர் கண்ணை மூடித் தலையாட்டினார். சூறாவளியின் அக்காவும் பெருமூச்சு விட்டுத் தலையாட்டினார். படத்தின் தயாரிப்பாளர் அவர்தான். மச்சினனும் தலையாட்டினான். அவன் கேட்டதெல்லாம் ஒரு பெரிய சத்தம், அதற்குப் பிறகு இன்னொரு பெரிய சத்தம்.

துப்பறிவாளர் மட்டும் தலையாட்டவில்லை. தனித்தனியாக இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று நடைபாதைக்குப் போய் நின்றுகொண்டார். அங்கே சுவரில் ஆள் உயரத்துக்கு விளம்பரத் தாள் ஒட்டியிருந்தது. இரண்டு இரவுகள், பதினான்கு கேமராக்கள், ஒரு ஸ்வரம்கூட மாற்றப்படவில்லை.

"மாமா, இவரே மாத்தச் சொல்லியிருக்காரு, இவரே மாத்தலன்னு தாள் ஒட்டியிருக்காரு," என்றான் மச்சினன். "இதுல நாம யாரைப் பிடிக்கணும்?"

"முதல்ல உன் வாயைப் பிடிக்கணும்," என்றார் துப்பறிவாளர்.

ஒவ்வொருவரிடமும் அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: அந்த அபஸ்வரம் எப்படி இருந்தது? அரை ஸ்வரம் கீழே விழுந்துவிட்டது, படிக்கட்டில் கால் தவறுவதுபோல, என்றார் சூறாவளி. அக்காவுக்கு அது ரொம்ப மேலே போய்க் கீச்சென்று கேட்டதாம். ஒலிப்பொறியாளர் கொஞ்சம் யோசித்து, மேலேயும் இல்லை கீழேயும் இல்லை, ஒருவிதமாகத் தடித்துப்போயிருக்கிறது என்றார். யோசித்த நேரத்தில் அவர் பார்வை மூடியிருந்த கதவின் பக்கம் போய் வந்தது.

"ஒரே திருடனைப் பார்த்த மூணு பேர் மூணு உயரம் சொல்றாங்க," என்றார் துப்பறிவாளர். "நீ என்னடா கேட்ட?"

"எனக்கு எல்லாமே திருடன் மாதிரிதான் கேட்டுது மாமா."

கடைசியாக வந்தவள் படத்தொகுப்பாளர். கேள்வியைக் கேட்டதும் அவள் கண் கலங்கிவிட்டது. தனக்கு அந்த அபஸ்வரம் கேட்கவே இல்லை என்றாள். மூன்று நாளாகத் திரும்பத் திரும்பக் கேட்கிறாள், சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அத்தனை பெரிய மனுஷர்கள் இருக்கிறது என்கிறபோது இல்லை என்று எப்படிச் சொல்வாள்? நேற்று முன்தினம் காது டாக்டரிடம் போய்ச் சோதித்துப் பார்த்திருக்கிறாள். காது நன்றாக இருக்கிறதாம். அதைக் கேட்டதும் அவளுக்கு இன்னும் பயமாகிவிட்டது.

துப்பறிவாளர் அவளிடம் இன்னும் இரண்டு விஷயம் கேட்டார். முதல் இரவின் திருத்தாத ஒலி பத்திரமாக இருக்கிறதா? இருக்கிறது, ஒலி மேஜையிலேயே போடலாம். இரண்டாம் இரவில் அதே இடத்தை அவர் எப்படி வாசித்தார்? அவள் குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னாள். துப்பறிவாளரின் புருவம் உயர்ந்து இறங்கியது. மச்சினன் எவ்வளவு எட்டிப் பார்த்தும் ஒன்றும் காதில் விழவில்லை.

உள்ளே திரும்பியதும் மச்சினனுக்கு ஒரு ஹெட்போன் மாட்டிப் பார்க்க ஆசை வந்தது. ஒலிப்பொறியாளர் நல்ல மனிதர், மறுக்காமல் இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்த மச்சினன் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்தான்.

"பாவம் மாமா, பாத்திரம் தேய்க்கிற வேலையும் இவருதான் பாக்குறாரு போல. ஒரு கை பஞ்சு, ஒரு கை உப்புத்தாள்."

"எந்தக் கை உப்புத்தாள்?"

"இடது. அதுவும் விரல் நுனி மட்டும். ஏன், யாருக்காவது வரன் பாக்குறீங்களா?"

துப்பறிவாளர் திரைக்குக் கீழே போய் நின்றார். திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நாற்காலிகளைப் பார்த்தபடி. தனக்கு இசை தெரியாது, அதனால் ஒருமுறை படத்தை மட்டும் ஒலியில்லாமல் ஓட்டினால் நல்லது என்றார். படத்தைப் பார்க்க விரும்புகிற ஆள் ஏன் திரைக்கு முதுகைக் காட்டுகிறார் என்று யாருக்கும் தோன்றவில்லை. படம் ஓடுகிற இடத்தில் பார்வை தானாகத் திரைக்குத்தான் போகும்.

ஒலி இல்லாமல் பார்த்தபோது சூறாவளி தேனீ விரட்டுகிறவரைப்போல இருந்தார். புகை வந்தது, தலைமுடி பறந்தது, கை பெரிதாகத் தெரிந்தது, விரல்கள் கொட்டி இறங்கின. முன்வரிசையில் சூறாவளியின் தோள் வெட்டியது. பல் கூசியதுபோல முகம் ஒரு பக்கமாகக் கோணியது. அவர் முகம் கோணி அரை நொடி கழித்து ஒலிப்பொறியாளரின் முகம் கோணியது. அதன்பிறகு அக்கா பெருமூச்சு விட்டார். மச்சினனும் முகத்தைச் சுளித்தான். எல்லோரும் செய்யும்போது தான் மட்டும் சும்மா இருந்தால் நன்றாக இராது.

"இப்பவும் கேட்டுதா சார்?" என்றார் துப்பறிவாளர்.

"அதேதான். அப்படியே இருக்கு."

"ஸ்பீக்கர் ஆஃப்ல இருக்கு சார்."

சூறாவளி மெதுவாகத் திரும்பி மேஜையைப் பார்த்தார். அங்கே ஒரு விளக்குகூட எரியவில்லை.

"எனக்குப் பார்த்தாலே கேக்கும்," என்றார் விறைப்பாக.

"அதுதான் சார் பிரச்சினையே."

இனி அடுத்தது எதிர்ப்பக்கம் என்றார் துப்பறிவாளர். திரையை அணைக்கச் சொன்னார். திரையை மட்டுமா, விளக்கையும் அணைத்து, சூறாவளியைச் சுவர் பார்த்து உட்கார வைத்தார். இரண்டு ஒலி வரும், தப்பு எதில் கேட்கிறதோ அதில் கையைத் தூக்க வேண்டும். எது முதலில் வரும் என்பது துப்பறிவாளருக்கும் படத்தொகுப்பாளருக்கும் மட்டும் தெரியும். மேஜைமேல் இருந்த ஒரு சின்ன விளக்கின் வெளிச்சத்தில் கையைத் தூக்கினால் தெரிகிற அளவுக்குத்தான் இருட்டு.

முதல் ஒலி வந்தது. விரல்கள் கொட்டி இறங்கின. கடைசி ஸ்வரம் விழுந்த அதே கணத்தில் சூறாவளியின் கை எழும்பியது. அரை ஸ்வரம் கீழே, என்றார். மச்சினனுக்கு அந்த ஆள்மேல் முதல்முறையாக மரியாதை வந்தது. அத்தனை மழையில் ஒரு துளி மட்டும் தப்பு என்று சொல்ல ஒரு காது வேண்டும்.

இரண்டாவது ஒலி வந்தது. அதே இறக்கம், அதே கடைசி ஸ்வரம். கை எழவில்லை. இருட்டில் அவர் சிரிப்பது குரலிலேயே தெரிந்தது.

"இது. இதுதான் நான். கடைசியில அந்த ஸ்வரம் லேசா நடுங்கிச்சே, கவனிச்சீங்களா? உலகத்துல வேற ஒரு விரலுக்கு அது வராது. இதைத்தான் மூணு தடவை படத்துல போடச் சொன்னேன், இந்தப் பொண்ணு விடல."

துப்பறிவாளர் விளக்கைப் போட்டார். முதலில் கேட்டது முதல் இரவின் திருத்தாத ஒலி, இரண்டாவதாகக் கேட்டது இப்போது படத்தில் இருக்கிற ஒலி என்றார். இன்று காலையிலும் இருந்தது அதுதான், மூன்று நாளாக இருப்பதும் அதுதான். முதல் முறை திருத்தியபோதே அபஸ்வரம் போய்விட்டது. அது ஒருமுறைகூடத் திரும்பி வரவில்லை. படத்தில் விரல் தப்பான கட்டத்தில் விழுவதைச் சூறாவளியின் கண் பார்த்தது, கண் சொன்னதைக் காது நம்பியது. மற்றவர்கள் யாருமே காதைக் கேட்கவில்லை, சூறாவளியின் முகத்தைக் கேட்டார்கள். அவர் சுளித்தால் சுளித்தார்கள். உண்மையில் காதால் கேட்டுப் பார்த்துவிட்டு, அபஸ்வரம் இல்லை என்று சொன்னது இந்தக் கூடத்தில் ஒரே ஒரு ஆள், அவள்தான் காது டாக்டரிடம் போனாள்.

படத்தொகுப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. அக்கா எழுந்து வந்து, அவள் தோளில் கை வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் வைத்தார். கீச்சென்று கேட்டதாகச் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

மச்சினன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தான். சாப்பாட்டு நேரத்துக்குள் வீடு போய்ச் சேர்ந்துவிடலாம். துப்பறிவாளர் அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு," என்றார். ஒலிப்பொறியாளரின் பக்கம் திரும்பினார். "முதல் தடவையே சரியா திருத்திட்டீங்க. அது உங்களுக்குத் தெரியும். இதோ பாருங்க, தப்பு இல்லேன்னு போட்டுக் காட்டியிருக்கலாம். அதை விட்டுட்டு ஏன் இந்தப் பொண்ணு மேல பழி விழட்டும்னு விட்டீங்க?"

ஒலிப்பொறியாளர் மேஜையில் இருந்த ஏதோ ஒரு பொத்தானைத் துடைக்க ஆரம்பித்தார்.

"போட்டுக் காட்டினா, சரியான ஸ்வரம் எங்கேருந்து எடுத்தன்னு யாராவது கேப்பாங்க. அதனாலதானே?"

ரெண்டாம் ராத்திரியிலிருந்து, என்று சூறாவளியே பதில் சொன்னார். இரண்டாம் இரவு தான் ஒரு தப்பும் செய்யவில்லை என்பது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. துப்பறிவாளர் படத்தொகுப்பாளரைப் பார்த்தார். நடைபாதையில் சொன்னதை அவள் இப்போது எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டியிருந்தது.

"ரெண்டாம் ராத்திரியும் அதே இடத்துல அதே தப்புதான் சார். ஒத்திகையிலயும் அப்படித்தான். உங்களுக்கு அந்த இடத்துல சுண்டு விரல் எப்பவுமே ஒரு கட்டம் தள்ளித்தான் விழும். உங்ககிட்ட சொல்ல யாருக்கும் தைரியம் வரல."

சூறாவளி தன் சுண்டு விரலைப் பார்த்தார். அது நன்றாகத்தான் இருந்தது.

துப்பறிவாளர் ஒலிப்பொறியாளரிடம் இடது கையைக் கேட்டார். அவர் மெல்ல நீட்டினார். நான்கு விரல் நுனியும் காய்த்துப்போய் மரத்திருந்தன. பொத்தான் அழுத்துகிற விரல் காய்க்காது, எஃகுக் கம்பியை வருஷக்கணக்கில் அழுத்துகிற விரல்தான் காய்க்கும் என்றார் துப்பறிவாளர். எல்லோரும் சூறாவளியின் இடது கையைப் பார்த்தார்கள். அதிலும் அதே நான்கு காய்ப்பு.

ஒலிப்பொறியாளர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பதினாறு வயதிலிருந்து சூறாவளியின் இசைத்தட்டுகளைப் போட்டுப் போட்டு வாசித்துப் பழகியவர். மேடை ஏறும் துணிச்சல் வரவில்லை, ஒலி மேஜைக்கு வந்து சேர்ந்தார். இந்த ஒரு ஸ்வரத்துக்காக மட்டும் எங்கு தேடியும் சரியானது கிடைக்கவில்லை. வீட்டில் சமையலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, தன் பழைய கிடாரில் நாலு நாள் வாசித்து, பொருந்துகிற ஒன்றை எடுத்து ஒட்டினார். ஒரு ஸ்வரம்கூட மாற்றப்படவில்லை என்று ஊரெல்லாம் தாள் ஒட்டிய பிறகு, அந்தப் படத்தில் தன் விரல் இருக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது? வாயை மூடிக்கொண்டார். மூடின வாய்க்கு வெளியே ஒரு பெண்ணின் பிழைப்பு போய்க்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாமல் இல்லை. படத்தொகுப்பாளரிடம் அவர் மன்னிப்புக் கேட்டார். அவள் சரி என்று சொல்லவில்லை.

சூறாவளி, அதை இன்னொரு தடவை போடு என்றார். போட்டார்கள். கண்ணை மூடிக் கேட்டார். அந்த நடுக்கம் வந்ததும் அவருடைய சுண்டு விரல் தானாகத் தொடைமேல் நடுங்கியது. கால் மணி நேரத்துக்கு முன்னால்தான் அவர், உலகத்தில் வேறு விரலுக்கு இது வராது என்று சொன்னார். அதை ஞாபகப்படுத்த மச்சினனின் நாக்கு துடித்தது. மாமா அவன் காலை மிதித்துவைத்திருந்தார்.

"நல்லா இருக்கு," என்றார் சூறாவளி. "எடுத்துடு."

"சார்?"

"என் தப்பைத் திரும்பப் போடு. அது என்னோடது."

பிறகு படத்தொகுப்பாளரிடம், அந்தக் கையைக் காட்டுகிற படத்தை ஏன் வைத்தாய், தள்ளி நின்று எடுத்த கேமரா எத்தனை இருந்தது என்று கேட்டார். குரலில் கோபம் இருந்தது, ஆனால் பழைய கோபம் இல்லை.

"அதுக்கு அடுத்து வர்ற சிரிப்புக்காக சார்," என்றாள் அவள். "ரெண்டு மணி நேரப் படத்துல நீங்க சிரிக்கிறது அந்த ஒரு இடத்துலதான். கையைக் காட்டலேன்னா ஏன் சிரிக்கிறீங்கன்னே புரியாது."

அக்கா கைப்பையிலிருந்து ஸ்டுடியோக்களுக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தை எடுத்து, நான்காகக் கிழித்து, குப்பைத்தொட்டியைத் தேடினார். அந்தக் கூடத்தில் குப்பைத்தொட்டி இல்லை. மச்சினன் மரியாதையாக வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் மாலை ஆறு மணிக்கு இருவருக்கும் முன்வரிசையின் ஓரத்தில் இடம் கிடைத்தது. படத்தொகுப்பாளரின் பெயர் திரையில் வந்தபோது மச்சினன் விசிலடித்தான். நாற்பத்தேழாவது நிமிடத்தில் விரல்கள் கொட்டி இறங்கின, சுண்டு விரல் தப்பான கட்டத்தில் விழுந்தது, இந்த முறை ஒலியும் தப்பாகவே விழுந்தது. ஆயிரம் பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். மச்சினனுக்கு அப்போதும் அபஸ்வரம் கேட்கவில்லை. ஆனால் அவன் இப்போது திரையைப் பார்க்கவில்லை, மாமா கற்றுக்கொடுத்தபடி முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒலிப்பொறியாளரின் முகம் பல் கூசியதுபோலக் கோணியது. இந்த முறை அவர் யாருடைய முகத்தையும் பார்த்துவிட்டுச் சுளிக்கவில்லை. அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி சூறாவளி, திரையில் சிரிக்கிற தன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து வழக்கின் அறிக்கையை மச்சினன்தான் எழுதினான். குற்றவாளி என்ற இடத்தில் கோடு போட்டான். காணாமல்போன பொருள் என்ற இடத்தில் ஓர் அபஸ்வரம் என்று எழுதினான். அதற்கு எதிரே, பொருளின் நிலை என்ற இடத்தில், உரியவர் கேட்டு வாங்கிக்கொண்டார் என்று எழுதி, தேதி போட்டு மூடினான்.